மாலை போட்ட படத்தில் இருப்பவர்

ஐயம்பெருமாள் பிள்ளையை நான் முதன்முதலில் பார்த்தது, அவருடைய சாவுக்கே துட்டி கேட்கப் போன அன்றைக்குத்தான்.

தொண்ணூற்றேழாம் வருஷம், ஆவணி மாதம். பி.ஏ. முடித்துவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு கேபிள் டிவி ஆபீஸில் உள்ளூர்ச் செய்தி எழுதும் வேலையில் சேர்ந்திருந்தேன். எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் மனு எழுதுவதென்றாலும், பெரிய வீடுகளுக்கு நல்லது கெட்டதுக்குப் போய்ப் பேசுவதென்றாலும் என்னைத்தான் தள்ளிவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது, அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார்:

“ஏலே, முக்கூடல் பிள்ளைவாள் போயிட்டாவ போலுக்கு. டிவில அவுக படத்துக்கு மால போட்டு, செவப்பு பல்பு எரியவிட்டிருந்தாவ. நமக்கு ஒரு சொல்லு சொல்லிவிடலயே.”

“எந்தப் பிள்ளைவாள்?”

“நீ காலேஜ் சேருதப்போ தாலுகா ஆபீஸ்ல வருமானச் சர்டிபிகேட்ட அலையவிடாம வாங்கித் தந்தாவளே, அவுகதாம்லே. நீதான் படிச்சவன். போயி துட்டி கேட்டுட்டு வா.”

எங்கள் கேபிளிலேயே அன்றாடம் கண்ணீர் அஞ்சலிப் படங்கள் போடுவோம். அப்படி ஒன்றைத்தான் அப்பா பார்த்திருப்பார் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

முக்கூடலில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் பந்தல் இல்லை, பெஞ்சு இல்லை. துட்டி வீட்டில் ‘வாங்க’ என்று கூப்பிடமாட்டார்கள், நாமும் போகும்போது ‘வாரேன்’ என்று சொல்லக்கூடாது. அந்த முறைப்படி வாயைத் திறக்காமல் உள்ளே போய், தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். முற்றத்தில் ஒருவர் கண்ணாடியைத் தூணில் சாத்தி வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். முகத்தில் பாதி சோப்பு நுரை. கண்ணாடிக்குள்ளேயே என்னைப் பார்த்தார்.

“துட்டிக்கா?”

தலையாட்டினேன்.

“எனக்குத்தான். சத்தம் காட்டாதேயும், உள்ள அவ இருக்கா. இந்தப் பக்கத்தையும் வழிச்சிட்டு வாரேன். பைய வெளிய போயி டீக்கடயில நில்லும்.”

அந்த டீக்கடையில் தொடங்கிய பேச்சு. அதற்குப் பிறகு அவரும், அவர் வீட்டம்மா வடிவம்மாளும், சினிமா டிவிக்காரப் பையன் ஜோன்ஸும் அவரவர் பங்குக்குச் சொன்னதையெல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஐயம்பெருமாள் பிறந்த வீடு ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் இரண்டு போகம் கண்ட வீடு. அவர் தலையெடுப்பதற்குள் வயல்கள் கைமாறிப் போய், முற்றமும் தூண்களும் ஊஞ்சலும் கொண்ட அந்தப் பெரிய வீடு மட்டும் மிஞ்சியது. தாலுகா ஆபீஸில் எழுத்தராகச் சேர்ந்தார். எழுத்தராகவே வேலை பார்த்தார். மனுவோடு வருகிறவர்கள் அவர் பேனாவைப் பார்ப்பார்கள், முத்திரையைப் பார்ப்பார்கள், வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் குளித்து, திருநீறு பூசி, சட்டையையும் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டார். பஸ்ஸும் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. கண்டக்டர் கேட்டதற்கு, “சும்மா, நேரம் பாக்க வந்தேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

தொண்ணூற்றேழாம் வருஷம் பங்குனியில் சென்னையிலிருந்து டிவித் தொடர் எடுக்கிறவர்கள் வந்து, வீட்டின் முன்பகுதியைக் கொஞ்ச நாளைக்கு வாடகைக்குக் கேட்டார்கள். வடிவம்மாள் அப்போது கோயம்புத்தூரில், மகள் விஜயஸ்ரீயின் இரண்டாவது பேறுகாலத்துக்குப் போயிருந்தாள். போனில் கேட்டபோது, “சொவத்துல ஆணி அடிக்காமப் பாத்துக்கிடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

ஐயம்பெருமாளுக்கு அந்த நாட்கள் திருவிழா மாதிரி இருந்தன. விடியும் முன்னே எழுந்து விளக்குத் தூக்குகிற பையன்களுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். ஆளாளுக்கு ‘அண்ணாச்சி, அண்ணாச்சி’ என்று கூப்பிட்டார்கள். கலை இயக்குநரின் உதவியாளன் ஜோன்ஸ்தான் அவருக்கு ரொம்ப நெருக்கம். புன்னக்காயல் பையன். சுவரில் என்ன தொங்க வேண்டும், மேசையில் எந்தச் செம்பு இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. ‘கன்டினியூட்டி’ என்றால் என்னவென்று அவருக்கு விளக்கியவன் அவன்தான்.

“இன்னைக்கு இந்தச் செம்பு இங்கன இருந்தா, அடுத்த மாசம் எடுக்குத சீன்லயும் இங்கனயே இருக்கணும் அண்ணாச்சி. ஒரு சாண் நவுந்தாலும் சனங்க கடுதாசி போட்டுருவாவ.”

“அம்புட்டு உன்னிப்பாவா பாக்காவ?”

“மூஞ்சியவிடச் செம்பத்தான் பாக்காவ.”

கதையில் நாயகியின் அப்பா செத்துப்போனவர். சுவரில் அவர் படம் மாலையோடு தொங்க வேண்டும். சென்னையிலிருந்து வரவேண்டிய படம் வந்து சேரவில்லை. காலையிலேயே டைரக்டர் இரண்டு தரம் கத்திவிட்டார். ஜோன்ஸ் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“அண்ணாச்சி, வயசானவுக படம் ஏதாச்சும் கெடக்குமா? தாத்தா, பூட்டன் யாராச்சும்?”

“பழசெல்லாம் கரையான் தின்னுட்டு. எம்படம்தான் இருக்கு. ரிட்டயர்மென்டு பார்ட்டில எடுத்தது.”

ஜோன்ஸ் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தான். “மால போடணும் அண்ணாச்சி. கீழ பல்பு போடணும். உங்க ஆளுக ஒண்ணும் நெனைக்க மாட்டாவளா? வீட்டம்மாட்ட ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு—”

“எதுக்குவே போனு? மாலதான போடுத. பாம்பயா போடுத?”

அவரே பீரோவைத் திறந்து படத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். ஜோன்ஸ் மாட்டியபோது கொஞ்சம் சாய்ந்திருந்தது. “இடது பக்கம் ஏத்து, இன்னும் கொஞ்சம்” என்று கீழே நின்று சரிசெய்ததும் அவர்தான். விளக்கெல்லாம் எரிந்தபோது, மாலைக்கு நடுவே தன் முகம் அத்தனை தெளிவாக இருந்ததை அவர் ஆசையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

வடிவம்மாள் ஊர் திரும்பியதும், சனங்கள் மூஞ்சியைவிடச் செம்பைத்தான் பார்க்கிறார்கள் என்பதுவரை எல்லாம் சொன்னார். இதை மட்டும் சொல்லவில்லை. டிவியில் வரும்போது தானாகப் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று இருந்துவிட்டார்.

ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை முதல் வாரம் வந்தது. வடிவம்மாள் தெருவுக்கே சொல்லி, முறுக்குச் சுட்டு வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு ஜுபைதா பீவி பிள்ளைகளோடு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள். கேமரா ஊஞ்சலில் தொடங்கி, தூணில் ஏறி, சுவருக்குப் போய் நின்றது. மாலைக்கு நடுவே ஐயம்பெருமாள். கீழே சிவப்பு பல்பு. நாயகி ஓடி வந்து, “எங்களத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டீங்களேப்பா” என்று படத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

“யா அல்லா, அண்ணாச்சி இங்கனல்லா இருக்காவ!” என்றாள் ஜுபைதா பீவி. யாரோ சிரித்தார்கள்.

வடிவம்மாள் எழுந்து போய் டிவியை அணைத்தாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் கையில் முறுக்கு இருந்தது.

“ஒங்க படத்த யாரு குடுத்தா?”

அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் ஐயம்பெருமாள் முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்தார். “அவனுவளே எடுத்திருப்பானுவ. நான் வெளிய எங்கயாச்சும் நின்னுருப்பேன்” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஜோன்ஸுன்னு ஒரு பய. சொவத்துல மாட்டுதது கழட்டுததெல்லாம் அவன் வேலதான்” என்று பேரையும் சேர்த்துச் சொன்னார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஜோன்ஸுக்குத் தினமும் அர்ச்சனை நடந்தது. அடுப்பு எரியவில்லையென்றால் ஜோன்ஸ், பால் திரிந்தால் ஜோன்ஸ். அவன் கையில் புற்று வைக்கும் என்றாள், சொன்ன வாயாலேயே, “பெத்தவ என்ன பாவம் செஞ்சா, கைய மட்டும் சுளுக்கினாப் போதும்” என்று குறைத்துக்கொண்டாள். காலையில் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டாள். நெற்றிக் குங்குமம் இரண்டு மடங்கு பெரிதானது. விடியற்காலையில் ஐயம்பெருமாள் கண் விழித்தால், மூச்சு வருகிறதா என்று அவள் கை அவர் மூக்கடியில் இருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரிக் கிடப்பார்.

வெளியூர் சொந்தக்காரர்கள் துட்டிக்கு வரத் தொடங்கியதும் ஊர் சிரித்தது. அதையாவது தாங்கிக்கொண்டாள். திருநெல்வேலி ஜங்ஷனில் நடந்த ஒரு கல்யாணம்தான் அவளை உட்கார வைத்துவிட்டது. மாப்பிள்ளையின் சித்தி நாகர்கோவில்காரி. குங்குமச் சிமிழோடு வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தவள், வடிவம்மாளுக்கு முன்னால் வந்ததும் கையை நிறுத்தினாள். அவள் கண் வடிவம்மாளின் கழுத்துக்குப் போனது. வடிவம்மாள் சேலைக்குள்ளிருந்து தாலியை எடுத்து வெளியே போட்டாள்.

“அந்தா, பந்தியில சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ பாருங்க” என்று கையைக் காட்டினாள்.

பந்தியில் இருந்த ஐயம்பெருமாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடிவம்மாள் அன்று சாப்பிடாமலே வந்தாள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் போகவில்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் அவளிடம் போவார். “கொஞ்சம் மோரு இருந்தாத் தாயேன்” என்று கேட்டு, வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிடுவார்.

ஐப்பசியில் அந்தத் தொடருக்குச் சென்னையில் ஒரு நேயர் சங்கம் விருது கொடுத்தது. வீட்டை அழகாகக் காட்டியதற்காக ஜோன்ஸுக்கும் தனியாக ஒரு கேடயம். அந்தக் குழுவைப் பாளையங்கோட்டைக்கு வரவழைத்துப் பாராட்டி, நேயர்களோடு பேசவைக்க எங்கள் கேபிள் ஆபீஸ் ஏற்பாடு செய்தது. வீடு கொடுத்தவர்களுக்கு அழைப்பிதழ் கொண்டுபோனவன் நான். ஐயம்பெருமாள் அதை மடித்து இடுப்பில் செருகப் பார்த்தார். வடிவம்மாள் வாங்கிக்கொண்டாள்.

“அந்த ஜோன்ஸுப் பயலும் வாரானா?”

“வாரான் அம்மா. அவனுக்கும் விருது.”

“அப்ப நானும் வாரேன்.”

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் டைரக்டர் சத்தியநேசன், இரண்டு நடிகைகள், கடைசியில் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜோன்ஸ். முன்வரிசையில் அவன் அம்மா அந்தோணியம்மாள், புன்னக்காயலிலிருந்து புதுச்சேலை கட்டி வந்து, மகனை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். சத்தியநேசன் படப்பிடிப்புக் கதைகளைச் சொன்னார். மழைக் காட்சிக்குத் தீயணைப்பு வண்டி கிடைக்காமல் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயை வைத்துச் சமாளித்தது, கிளிசரின் அதிகமாகி நடிகைக்குக் கண் வீங்கியது. பிறகு நேயர்கள் கேட்கலாம் என்றார்கள்.

ஒரு அம்மா எழுந்தாள். “மூத்த மருமவ பட்டுச்சேலயக் கட்டிக்கிட்டே தூங்குதாளே, புழுங்காதா?”

“ஜவுளிக்கடைக்காரர்தாம்மா விளம்பரம் கொடுக்குறார். அவ குளிக்கும்போதும் பட்டுதான் கட்டணும்கிறார், நாங்கதான் மறுத்துட்டோம்” என்றார் சத்தியநேசன். மண்டபம் சிரித்தது.

“சின்ன மவளக் கெட்டிக்குடுத்திருங்க ஐயா, பாவம், எத்தன வாரமா மாடியிலயே நிக்கா!” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வடிவம்மாள் எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். டார்ச் லைட்டைப் போல அதைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“சொவத்துல மால போட்டுத் தொங்குதது எங்க வீட்டுக்காரவுக. இந்தா, எம்பக்கத்துல உசுரோட இருக்காவ. ஒரு வார்த்த கேக்காம எடுத்து மாட்டியிருக்கிய. இன்னைக்குக் கல்யாண வீட்டுல எனக்குக் குங்குமம் குடுக்கக் கை நடுங்குது. உங்களுக்கு விருது குடுக்காவ. எனக்கு என்ன குடுக்காவன்னு தெரியுமா?”

சத்தியநேசன் திரும்பினார். “ஜோன்ஸ், நீ சம்மதம் கேட்கலையா?”

ஜோன்ஸ் கீழே பார்த்தான். ஐயம்பெருமாளைப் பார்த்தான். அவர் அசையவில்லை. அவன் எழுந்து நின்று, “தப்புதான் அம்மா. மன்னிச்சிருங்க” என்றான்.

“உயிரோட இருக்கிற ஒருத்தர் படத்தக் கேட்காம மாட்டுறதா? அந்தக் கேடயத்த மேசையில வை. உன் வேலையப் பத்தி அப்புறம் பேசிக்குவோம்” என்றார் சத்தியநேசன்.

ஜோன்ஸ் கேடயத்தை மேசையில் வைத்தான். முன்வரிசையில் அந்தோணியம்மாள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்த முந்தானையைப் பார்த்த பிறகு ஐயம்பெருமாளால் உட்கார முடியவில்லை. வடிவம்மாள் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

“அந்தப் பையன் கேட்டான். வீட்ல கேட்டுட்டுக் குடுங்கன்னும் சொன்னான். நான்தான் எடுத்துக் குடுத்தேன். கோணலா இருக்குன்னு நேராக்கி மாட்டச் சொன்னதும் நான்தான். பொய் சொன்னவன் நான். அவன் பேர இழுத்து விட்டவனும் நான்.” மைக்கை மறு கைக்கு மாற்றினார். “ஆபீஸ்ல அத்தன வருசம் இருந்தேன், ஒருத்தரும் எம்மூஞ்சிய நிமுந்து பாத்ததில்ல. டிவில வாராவாரம் பாப்பாவளேன்னு ஒரு ஆச. மாலயப் பத்தி நான் நெனைக்கல.”

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் கேமராமேன் இதையெல்லாம் படம்பிடித்துக்கொண்டிருந்தான். அந்த வாரம் ஜில்லா முழுக்க ஒளிபரப்பாகும் என்று ஐயம்பெருமாளுக்குத் தெரியும்.

சத்தியநேசன் கேடயத்தை எடுத்து ஜோன்ஸ் கையில் திரும்பக் கொடுத்து, அவன் தோளில் கை வைத்தார். பிறகு வடிவம்மாளிடம், “நாங்க என்னம்மா செய்யணும்? மிச்ச வாரத்துக்கும் எடுத்து முடிச்சாச்சு. எல்லாக் காட்சியிலயும் சுவத்துல அந்தப் படம் இருக்கே” என்றார்.

வடிவம்மாள் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. “அத எறக்க வேண்டாம். அவுக உசுரோட இருக்காவன்னு அதே டிவில எழுதிப் போட்டுருங்க. அது போதும்” என்றாள்.

பஸ்ஸில் அவள் சன்னல் பக்கம் உட்கார்ந்தாள். சேரன்மகாதேவி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“எங்கிட்ட கேட்டிருக்கணும்.”

“நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப.”

“அதுக்குத்தான் கேட்டிருக்கணுங்கேன்.”

வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது.

“எம்மூஞ்சிய யாரும் பாக்கலன்னு அம்புட்டுப் பேரு முன்னால சொல்லுதிய,” என்றாள் வடிவம்மாள். “கல்யாணமான நாள்லருந்து நான் எதப் பாத்துக்கிட்டு இருந்தேன்? செம்பயா?”

ஐயம்பெருமாளுக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. ‘வடிவு’ என்றார். “சும்மா வாங்க, ஆளுக பாக்காவ” என்றாள். ஆனால் முன்கம்பியைப் பிடித்திருந்த அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஜோன்ஸ், மிச்சக் காட்சிகளுக்காகச் சென்னைக்கு எடுத்துப்போயிருந்த படத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தான். வாசலிலேயே தயங்கி நின்றான். வடிவம்மாள் படத்தை வாங்கி, கண்ணாடியில் ஒட்டியிருந்த சந்தனத்தை முந்தானை நுனியால் துடைத்தாள்.

“ஒன்ன நான் வையாத வசவு இல்லலே, தெரியுமா?”

“கையி ஒரு மாசமாச் சுளுக்கிக்கிட்டுத்தான் கெடந்துச்சு அம்மா” என்றான் ஜோன்ஸ். நிஜமாகவே பந்தல் கம்பு ஏற்றும்போது சுளுக்கியிருந்தது. வடிவம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அன்று அவனுக்கு இலை போட்டு, தேங்காய்ப்பால் சொதி ஊற்றி, அவன் போதும் போதும் என்று சொல்லச் சொல்லப் பரிமாறினாள். போகும்போது எண்ணெய் காய்ச்சிக் கையில் தேய்த்தும் விட்டாள்.

தொடரின் அந்த மாதக் கடைசி வாரத்தில், பெயர்கள் ஓடுவதற்கு முன்பாகத் திரையில் எழுத்து வந்தது. ‘இத்தொடரில் நாயகியின் தந்தையாகப் படத்தில் காட்டப்படும் முக்கூடல் திரு. ஐயம்பெருமாள் அவர்கள் நல்ல உடல்நலத்துடன் வாழ்ந்து வருகிறார்.’ வாசித்து முடிப்பதற்குள் மறைந்துவிட்டது. வடிவம்மாள் தெருப் பெண்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். ஜுபைதா பீவிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நேரம் போதவில்லை. வடிவம்மாளே அதை இரண்டு தரம் சத்தமாகச் சொல்லிக் காட்டினாள். தை பிறந்து முதல் முகூர்த்தத்துக்கு அழைப்பு வந்தது; அன்று அவருக்கு முன்னாலேயே சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

இப்போது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். ஐயம்பெருமாளும் வடிவம்மாளும் முக்கூடலில் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர் காலை வேளைகளில் வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறார். வடிவம்மாளுக்குச் சர்க்கரை இருப்பதால், மாதத்துக்கு ஒரு தரம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வருகிறார். ஜோன்ஸ் சென்னையில் ஒரு தொடருக்குத் தனியாகக் கலை இயக்குநராக இருக்கிறான்.